முன்னூற்றுப் பத்து டவல் அதிகம்

எனக்கு வந்த முதல் வெளிநாட்டுப் பணம் 3,555 டாலர். 2015 மார்ச். மொத்த ஆர்டர் 11,850 டாலர், அதில் முப்பது சதவீத அட்வான்ஸ். ஜெர்மனியில் ஒரு சின்ன வீட்டுத்துணி வியாபாரிக்கு கிச்சன் டவல், ஏப்ரன், சூடான பாத்திரம் இறக்கும் கையுறை. ‘பணம் அனுப்பிவிட்டோம்’ என்று அவர் மெயில் போட்ட நாளிலிருந்து தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அக்கவுண்ட்டைத்தான் பார்ப்பேன். மூன்றாம் நாள் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. நூல்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், சனிக்கிழமை சம்பளம் வேறு. எட்டாம் நாள் கொஞ்சம் காரமாகவே ஒரு மெயில் எழுதினேன். அவர் கோபப்படாமல் எம்டி 103 என்று தலைப்பிட்ட ஒரு தாளை அனுப்பிவைத்தார். அதில் என் பெயர் இருந்தது, கணக்கு எண் இருந்தது, தொகையும் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் எனக்குப் புரியாத எண்களும் எழுத்துகளும்.

பதினோராம் நாள் அந்தத் தாளோடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கரூரில் என் கணக்கு இருந்த கிளையில் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) வேலை கிடையாது, எல்லாம் கோயம்புத்தூர் கிளை வழியாகத்தான் என்பதே அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்த அதிகாரி அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் சொன்னார்: “சார், பணம் ரெண்டாவது நாளே வந்தாச்சு. மும்பைல இருக்கு. டிஸ்போசல் லெட்டர் கேட்டு உங்களுக்கு மெயில் போயிருக்கே?”

போயிருந்தது. கணக்கு தொடங்கும்போது கொடுத்த, நான் திறப்பதே இல்லாத பழைய மெயில் முகவரிக்கு. இந்தப் பணம் எதற்காக வந்தது, ரூபாயாக மாற்றட்டுமா, டாலராகவே வைத்திருக்கட்டுமா, பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு தயாரிக்க முன்கூட்டியே வாங்கும் கடன் இருந்தால் அதில் கழிக்கட்டுமா என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் வங்கி அதைத் தொடும். சரக்கு அனுப்பும் முன் வரும் பணம் என்றால் பி0103 என்ற காரணக் குறியீடு. அனுப்பிய சரக்கின் பில் கலெக்‌ஷனில் போய்ப் பணம் வந்தால் பி0102. உள்ளூரில் யாராவது நமக்குப் பணம் போட்டால் அது பேசாமல் கணக்கில் வந்து விழுந்துவிடும். வெளிநாட்டுப் பணம் வாசலில் நின்று, நாம் போய் அழைத்தால்தான் உள்ளே வரும். ஜெர்மன்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த அம்மாதான் ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். ஜெர்மனியிலிருந்து டாலர் அனுப்பினால் அது நேராக இந்தியாவுக்கு வராது. என் வங்கி நியூயார்க்கில் வேறொரு வங்கியில் ஒரு டாலர் கணக்கு வைத்திருக்கும், அதற்கு நாஸ்ட்ரோ என்று பெயர். டாலர் அங்கே போய்ச் சேர்கிறது. இங்கே வருவது ஸ்விஃப்ட் வழியாக ஒரு செய்தி மட்டும்தான், என் கையில் இருந்த எம்டி 103 அதன் நகல். ஸ்விஃப்ட் என்பது பணம் அனுப்பும் நிறுவனம் என்றே நான் நினைத்திருந்தேன். அது 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகள் கூடித் தொடங்கிய தகவல் வலை. பணம் நகர்வதெல்லாம் வங்கிகளின் கணக்குப் புத்தகங்களுக்கு இடையில்தான்.

வழியில் இருக்கும் ஒவ்வொரு வங்கியும் தன் கூலியை எடுத்துக்கொள்ளலாம். அனுப்பும் படிவத்தில் அவர் (OUR), ஷா (SHA), பென் (BEN) என்று மூன்று வகை இருக்கும். முதலாவதில் செலவெல்லாம் அனுப்புபவருக்கு, இரண்டாவதில் அவரவர் பக்கச் செலவு அவரவருக்கு, மூன்றாவதில் எல்லாம் நம் தலையில். ஒன்றும் சொல்லாவிட்டால் பையர் பெரும்பாலும் ‘ஷா’ போடுவார். 8,295 டாலர் பாக்கிக்கு எனக்கு வந்தது 8,258. முப்பத்தேழு டாலர் போனதில் வருத்தமில்லை. ஆனால் அந்த முப்பத்தேழு டாலர் ரிசர்வ் வங்கியின் கணினியில் ‘வரவேண்டிய பாக்கி’ என்று என் பெயரில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பாக்கி அனுப்பும்போது ஜெர்மன் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி, ‘உங்கள் ஐபேன் எண் இல்லாமல் எங்கள் மென்பொருள் ஏற்காது’ என்று எழுதினார். ஐபேன் என்பது சர்வதேச வங்கிக் கணக்கு எண். அவர்கள் நாட்டில் டிஇ என்று தொடங்கும் அந்த இருபத்திரண்டு இலக்க எண் இல்லாமல் ஒரு யூரோகூட நகராது. இந்தியாவில் ஐபேன் முறையே கிடையாது, எங்களுக்குக் கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும்தான் என்று நான் எழுத, அவர் நம்பாமல் மறுபடி கேட்க, நான்கு மெயில் போனது. கடைசியில் என் வங்கியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். இந்தப் பெண்மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

முதல் ஷிப்மென்ட்டில் வங்கி சம்பந்தமாக நான் சறுக்கிய இன்னொரு இடம் ஏடி கோடு. ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண்ணை வாங்கிவிட்டால் ஏற்றுமதியாளர் ஆகிவிட்டோம் என்று இருந்தேன். சரக்கு தூத்துக்குடி போய் இறங்கிய பிறகு கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். “அண்ணா, உங்க ஏடி கோடு இந்த போர்ட்ல ஏறலையே, ஷிப்பிங் பில் போட முடியாதுங்களே.” ஷிப்பிங் பில் என்பது ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் விவரத்தாள். எந்த வங்கி வழியாக இந்தச் சரக்கின் பணம் வரப்போகிறது என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்தான் ஏடி கோடு. வங்கி கடிதம் கொடுக்க வேண்டும், அதைத் துறைமுகத்தில் பதிய வேண்டும். தூத்துக்குடியில் பதிந்தது சென்னைக்குச் செல்லாது என்பதையும் பின்னால் ஒரு விமானச் சரக்கின்போது கற்றுக்கொண்டேன். நான்கு நாள் தாமதம், ஒரு கப்பல் போனது. கரூர் இரண்டு வங்கிகள் பிறந்த ஊர். கரூர் வைசியா 1916-இல், லட்சுமி விலாஸ் 1926-இல். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் வங்கி என்றால் கடனும் சேமிப்பும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இனி எல்சி கதை. எல்சி என்றால், கேட்ட பேப்பர்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று பையரின் வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். நான் பட்டதிலேயே பெரிய அடி அதுதான்.

2017-இல் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. நாற்பதாயிரம் கிச்சன் டவல், பீஸ் 1.15 டாலர், மொத்தம் 46,000 டாலர். பையர் புதியவர், அதனால் எல்சி கேட்டேன், கொடுத்தார். எல்சி கையில் இருந்தால் பணம் பெட்டியில் இருப்பதற்குச் சமம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் காட்டித்தான் வங்கியில் பேக்கிங் கிரெடிட் எடுத்தேன், நூல் வாங்கினேன், தறிக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

தறித் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாற்பதாயிரம் வேண்டுமென்றால் நாற்பதாயிரம் மட்டும் நெய்ய முடியாது. சேதாரத்துக்கு என்று கொஞ்சம் கூடுதலாகப் பாவு ஓட்டுவோம். அந்த முறை சேதாரம் குறைவு. செக்கிங் முடிந்து பார்த்தால் முன்னூற்றுப் பத்து பீஸ் நல்ல சரக்காக மிச்சம் நின்றது. கூடக் கொடுத்தால் யார் கோபித்துக்கொள்வார்கள்? ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று எல்சி விதியிலேயே இருக்கிறதே என்று ஒரு நண்பரும் சொன்னார். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, 40,310 பீஸுக்கு இன்வாய்ஸ் அடித்து அனுப்பிவிட்டேன்.

பேப்பர்களைக் கோயம்புத்தூரில் கொடுத்த அன்று மாலையே போன். “சார், பீஸ் கூட போயிருக்கு.”

எல்சிக்கான உலகப் பொது விதி யுசிபி 600. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை எழுதியது, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது. அதில் முப்பதாம் பிரிவில் அந்த ஐந்து சதவீதச் சலுகை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கிலோவிலும் மீட்டரிலும் சொன்ன சரக்குக்கு. எண்ணிக்கையாக, இத்தனை பீஸ், இத்தனை பெட்டி என்று எல்சியில் எழுதியிருந்தால் சலுகை கிடையாது. நண்பர் நூல் ஏற்றுமதி செய்பவர், அவருக்கு அது கிலோவில் பழகிய விதி. எனக்குப் பொருந்தவில்லை.

இன்வாய்ஸில் இன்னொரு தப்பும் இருந்தது. எல்சியில் ‘கிச்சன் டவல்’ என்று இருக்க, என் மெர்ச்சண்டைசர் பழக்க தோஷத்தில் ‘டீ டவல்’ என்று அடித்திருந்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வங்கிக்கு இல்லை. இன்வாய்ஸில் சரக்கின் பெயர் எல்சியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சாதாரண எழுத்துப் பிழை என்றால், அர்த்தம் மாறாத வரைக்கும், விட்டுவிடுவார்கள். வேறு சொல் என்றால் விடமாட்டார்கள். அதைத் திருத்துவது சுலபமாக இருந்தது. இன்வாய்ஸ் என் பேப்பர், கிழித்துவிட்டு வேறு அடித்தேன். எண்ணிக்கையை அப்படி மாற்ற முடியவில்லை. ஷிப்பிங் பில்லில் 40,310. பையரின் ஆள் வந்து சரக்கைப் பார்த்துக் கொடுத்த இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழிலும் 40,310. அடுத்தவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் நான் கை வைக்க முடியாது. எல்சியில் திருத்தம் கேட்டால், பையர் சம்மதித்து, அவர் வங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்வதற்குள் கெடு தேதி முடிந்துவிடும்.

“அனுப்பலாம் சார், ஆனா டிஸ்கிரிபன்சியோட, அதாவது எல்சியோட ஒத்துப்போகாத பேப்பரா போகும். அவங்க ஏத்துக்கிட்டா பணம். இல்லேன்னா எல்சி இருந்தும் இல்லாத மாதிரிதான்” என்றார் அந்த அம்மா. பேப்பரைப் பார்க்க எல்சி கொடுத்த வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள். நான்காம் நாள் மறுப்பு வந்தது. காரணம் ஒரே வரி: எல்சியில் உள்ளதைவிட எண்ணிக்கை அதிகம். கூடவே டிஸ்கிரிபன்சி கட்டணம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குறைத்து அனுப்பியவனைத் திட்டலாம், கூட்டி அனுப்பியவனை எப்படித் திட்ட முடியும்? ஆனால் வங்கி டவலைப் பார்ப்பதில்லை. விதியின் ஐந்தாம் பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் கந்தல் துணி இருந்தாலும் பேப்பர் சரியாக இருந்தால் பணம் தர வேண்டும். பட்டே இருந்தாலும் பேப்பர் தப்பென்றால் தர வேண்டியதில்லை.

பையருக்கு அப்போதுதான் மார்க்கெட் மந்தம் நினைவுக்கு வந்தது. சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, நாள் வாடகை ஏறுகிறது, இங்கே எனக்குக் கடன் வட்டி ஓடுகிறது. ஆறு சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பேப்பரை ஏற்கிறேன் என்றார். பேசிப் பேசி நான்கில் முடிந்தது. 1,840 டாலர். 356 டாலர் மதிப்புள்ள கூடுதல் டவலுக்கு ஆசைப்பட்டதன் விலை.

அந்த எல்சியைப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஆர்டர் வாங்கிய நாளிலேயே படித்திருக்க வேண்டியது. இன்னும் மூன்று குழிகள் இருந்தன, நான் அதிர்ஷ்டத்தில் தாண்டியிருந்தேன். ஒன்று, எல்சி முடியும் இடம் பையரின் வங்கி. அதாவது கெடு தேதிக்குள் பேப்பர் கோயம்புத்தூருக்கு வந்தால் போதாது, கொரியரில் கடல் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு, கப்பல் ஏறிய பதினைந்து நாளுக்குள் பேப்பர் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. எல்சியில் ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுவிதிப்படி இருபத்தொரு நாள் கிடைக்கும். மூன்றாவதுதான் மோசம், அந்த இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ். பையரின் ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்குப் பணமே கிடையாது. வங்கி உத்தரவாதம் என்று பெயர் வைத்துவிட்டுச் சாவியைப் பையரிடமே கொடுத்திருக்கிறேன்.

இப்போது எல்சி ஆர்டர் என்றால், பையர் தன் வங்கியில் கொடுக்கும் முன்பே எல்சியின் டிராஃப்ட்டை, அதாவது முன்வரைவை எனக்கு அனுப்பச் சொல்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விடுவேன், மெயிலில் அனுப்பினால் யாரும் கவனமாகப் படிக்கமாட்டார்கள். எண்ணிக்கையிலும் தொகையிலும் ஐந்து சதவீதம் கூடக் குறைய என்று ஆர்டர் பேசும்போது முதலில் அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதிவிடுகிறேன். கெடு முடியும் இடம் இந்தியா. பையர் பக்கத்து ஆளின் கையெழுத்து வேண்டிய காகிதம் எதுவும் கூடாது, சோதனை வேண்டுமென்றால் ஏதாவது பொது ஆய்வு நிறுவனம் செய்யட்டும். எல்சி என் வங்கி வழியாக, அது உண்மையானதுதான் என்று சரிபார்க்கப்பட்டு வந்தால் மட்டுமே நூல் வாங்குவேன். பையர் மெயிலில் அனுப்பும் நகல் வெறும் காகிதம். எல்சி வந்த பிறகு ஒரு எழுத்தை மாற்றவும் காசு, நாட்கள். டிராஃப்ட்டில் மாற்றுவதற்கு ஒன்றும் ஆகாது.

விமானச் சரக்கு பற்றி ஒரே ஒரு விஷயம். கப்பல் கம்பெனி கொடுக்கும் ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங், வங்கியின் பேரிலோ அதன் ஆர்டருக்கோ சரியாக எழுதப்பட்டிருந்தால், சரக்கின் சாவி. அதை வங்கி கையில் வைத்துக்கொண்டு பணம் வாங்கிக் கொடுக்கும். ஏர்வே பில் அப்படி இல்லை, அது ரசீது மட்டும். அதில் யார் பெயரை பெறுநர் என்று போட்டிருக்கிறோமோ அவர் போய் அடையாளம் காட்டிச் சரக்கை எடுத்துவிடலாம், வங்கியில் பேப்பர் அப்படியே தூங்கும். எனக்கு ஒருமுறை அப்படி 2,100 டாலர் ஐந்து மாதம் இழுத்தது.

இறக்குமதிப் பக்கம் நான் கண்டது குறைவு. கையுறைக்குப் பஞ்சு வைத்துத் தைக்க சீனாவிலிருந்து ஒரு குவில்ட்டிங் மெஷின் வாங்கினேன். விலைப்பட்டியல் ஒரு கம்பெனி பெயரில், வங்கிக் கணக்கு ஹாங்காங்கில் வேறொரு பெயரில். அங்கே இது சகஜம்தான், எங்கள் தெருவிலேயே மூன்று பேர் அப்படி வாங்கியிருக்கிறார்கள். என் வங்கி மறுத்துவிட்டது. நான் சண்டை போட்டேன், இப்போது யோசித்தால் அவர்கள் செய்தது சரி. அடுத்தவருக்குப் பணம் போய், மெஷின் வராமல் போனால் யார் மேல் வழக்குப் போடுவது? ஒரு வாரம் இழுத்து, சப்ளையர் தன் பெயரிலேயே ஒரு கணக்கைக் கொடுத்தார். இருந்த கணக்கை முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

மெஷின் வந்து ஓடத் தொடங்கிய பிறகும் வங்கியிலிருந்து மெயில் நிற்கவில்லை: பணம் போனது, சரக்கு வந்ததற்கு ஆதாரம் எங்கே? பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதித் தாளின் விவரம் சுங்கத்திலிருந்து தானாகவே ஐடிபிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கிக் கணினிக்குப் போகும், ஆனால் எந்தப் பணத்துக்கு எந்தப் பில் என்று முடிச்சுப் போடுவது நாம் எழுதிக் கேட்டால்தான் நடக்கும். என் விஷயத்தில் கிளியரிங் ஏஜென்ட் வேறொரு வங்கியின் ஏடி கோடைப் போட்டிருந்தார். பணம் ஒரு வங்கியின் கணக்கில் தொங்க, பில் வேறொரு வங்கியின் கணக்கில் தொங்க, ஆறு மாதம் இரண்டுக்கும் நடுவில் நான்.

ஏற்றுமதிக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு, இடிபிஎம்எஸ். 2014 மார்ச்சிலிருந்து ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் அதில் ஏறுகிறது, பணம் வந்து ஒட்டப்பட்டால் இறங்குகிறது. நான் முன்னால் சொன்ன முப்பத்தேழு டாலர் அங்கேதான் நின்றது. பணம் வந்ததே, முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். மூன்று வருடத்தில் இருபத்தாறு ஷிப்பிங் பில்கள், ஒவ்வொன்றிலும் இருபது முப்பது டாலர் குறைவு, எல்லாமே ‘பாக்கி’. அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் நிலுவை இருந்தால் கணினியே நம்மை எச்சரிக்கைப் பட்டியலில் போட்டுவிடும். அதில் ஏறினால் வங்கியில் எல்லாவற்றுக்கும் முகம் மாறும். 2020-இல் அந்தத் தானியங்கி முறையை ரிசர்வ் வங்கி நிறுத்தியது நல்ல காரியம். நான் அதற்கு முன்பே மாட்டப் பார்த்தேன். வங்கிக் கட்டணமாகப் போன தொகை என்று ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதி, வந்த பணத்தின் தாளை வைத்து, ஒரு தீபாவளி வாரம் முழுக்க அந்த வேலைதான். இப்போது மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நிலுவைப் பட்டியலை வாங்கி முடித்துவிடுகிறேன். பணம் இந்தியாவுக்கு வந்து சேர வேண்டிய கெடு அப்போது ஒன்பது மாதம். அமெரிக்காவின் ஐம்பது சதவீத வரி வந்து ஊரே கலங்கியிருந்த 2025-இல், நவம்பரில், அதைப் பதினைந்து மாதமாக்கினார்கள். கெடுவுக்குள் பணம் வராவிட்டால் ஏற்றுமதிக்காகச் சுங்கம் திருப்பித் தந்த வரியை, அதாவது டிராபேக்கைத் திருப்பிக் கட்டச் சொல்லி சுங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரேட் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று வருடம் வங்கி போட்ட ரேட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன். கறிவேப்பிலை வாங்கினால்கூடப் பேரம் பேசும் ஆள், டாலரில் பேசவில்லை. காலையில் போர்டில் போடுவது கார்டு ரேட். சந்தையில் அந்த நிமிடம் ஓடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை பைசா வங்கிக்கு என்பது பேசினால் குறையும், எழுதி வாங்கினால் நிலைக்கும். நாற்பதாயிரம் டாலரில் ஐம்பது பைசா என்றால் இருபதாயிரம் ரூபாய், என் செக்கிங் பிரிவின் ஒரு வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி. இன்னொரு வங்கியின் ரேட்டைக் கேட்டு வைத்துக்கொண்டு பேசினேன். அதற்கு முன்னால் ‘மேலிடத்தில் கேட்க வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று மாலையே குறைத்தார்கள்.

டாலராகவே வைத்திருக்க இஇஎஃப்சி கணக்கு உண்டு. வட்டி கிடையாது, அடுத்த மாதக் கடைசிக்குள் பயன்படுத்தாததை ரூபாயாக மாற்றியாக வேண்டும். மெஷின் உதிரி பாகத்துக்கும் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிச் செலவுக்கும் அதிலிருந்து கொடுப்பது லாபம், விற்று மறுபடி வாங்கும்போது இரண்டு பக்கமும் வங்கிக்குக் கொடுக்கும் பைசா மிச்சம். பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே ரேட் பேசி வைக்கும் ஃபார்வர்டு கான்ட்ராக்ட்டை மட்டும், அதுவும் ஆர்டரில் பாதிக்கு மட்டும் போடுகிறேன். அதற்கு மேல் எந்தக் கவர்ச்சியான திட்டத்தைக் காட்டினாலும் காபி குடித்துவிட்டு எழுந்துவந்துவிடுவேன். 2007-இல் டாலர் 39 ரூபாய்க்கு இறங்கியபோது திருப்பூரில் பலர் டெரிவேட்டிவ் என்று புரியாத தாள்களில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நஷ்டமும் வழக்கும் கரூர் டீக்கடைகளில் இன்னும் பேச்சு.

கடைசியாக, 2022 செப்டம்பர். ஒரு வியாழக்கிழமை மதியம் ஜெர்மனியிலிருந்து போன். அந்தப் பெண்மணி. ஏழு வருடத்தில் மெயிலில்தான் பேசியிருக்கிறோம், குரல் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

என் முகவரியிலிருந்து அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. என் முகவரி மாதிரியே இருந்த ஒன்றிலிருந்து, ஒரே ஒரு எழுத்து மட்டும் வேறு. எங்கள் வங்கியில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் 18,400 டாலரையும் கீழே உள்ள புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. என் லெட்டர்ஹெட், என் கையெழுத்து, முத்திரை, அந்த ஷிப்மென்ட்டின் இன்வாய்ஸ் எண் உட்பட எல்லாம் சரியாக. யாரோ எங்கள் மெயில்களைப் பல வாரம் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் எண்ணைப் பார்த்துத்தான் பணம் போகும், பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது யூரோ நாடுகளில் கட்டாயமானது 2025 அக்டோபரில்தான். போயிருந்தால் போனதுதான். சரக்கு கொடுத்தவன் நான், பணம் கொடுத்தவர் அவர், நஷ்டம் யாருக்கு என்று இருவரும் ஆயுசுக்கும் சண்டை போட்டிருப்போம்.

எதை வைத்துச் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

“புதுக் கணக்குக்கு ஐபேன் கொடுத்திருந்தீர்கள். உங்களுக்குத்தான் அது கிடையாதே” என்றார்.

அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொன்னோம், மெயில் கடவுச்சொற்களை மாற்றினோம். என் இன்வாய்ஸின் அடியில் இப்போது தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறாது, மாறியதாக மெயில் வந்தால் இந்த எண்ணுக்குப் போன் செய்து என் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பவும். அந்தப் பெண்மணி ஒவ்வொரு முறையும் போன் செய்கிறார். கணக்கு அதேதானே என்பார், அதேதான் என்பேன். அப்புறம் அங்கே மழையா என்று கேட்பேன். கரூரில் மழையா என்று அவரும் கேட்பார்.